நான்கு நிமிடம் பதினோரு நொடி

பொத்தான் கடையாக இருந்த இடம்.
இன்னும் தரையிடுக்கில் ஊசியால் நெம்பினால்
ஒரு சிப்பிப் பொத்தான் கிடைக்கும்.
வல்பரைசோவின் மேட்டில், நூற்று நாற்பதாவது படியில்
ஒன்றரை அறை, ஒரு கறுப்புத் திரை,
மூன்று ப்ரொஜெக்டர். ஒன்று இரவல்.

வருகிறவர்களை எண்ணுவது என் வேலை.
செவ்வாய்க்கிழமை ஏழு பேர்.
அதில் இருவர் கழிவறை கேட்டு வந்தவர்கள்.
அவர்களையும் சேர்த்துத்தான் எழுதினேன்,
நகராட்சிக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே.

முதல் சுவரில் ஒருவர் சட்டைக்கு இஸ்திரி போடுகிறார்,
பின்னோக்கி.
பெட்டி கடந்த இடமெல்லாம் சுருக்கம் விழுகிறது.
"எங்கள் வீட்டில் முன்னோக்கிப் போட்டாலும் இப்படித்தான்"
என்று சிரித்துவிட்டுப் போனார் ஓர் அம்மாள்.

இரண்டாம் சுவரில் நீலம். வெறும் நீலம்.
பென் டிரைவ் செத்துப்போனது எனக்கு மட்டும் தெரியும்.
சாந்தியாகோவிலிருந்து வந்த விமர்சகர்
பதினோரு நிமிடம் அதன் முன் நின்றார்,
குறிப்பெடுத்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.
எழுந்துபோய்ச் சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
கடைசியில் எனக்கே அந்த நீலம் கொஞ்சம் பிடித்துப்போனது.

மூன்றாவதில்தான் நாய்.
யனாரா கண்ணாடித் தட்டில் உப்பைத் தூவி
விரலால் ஒதுக்கி, ஒரு படம்;
ஒரு மயிரிழை நகர்த்தி, இன்னொரு படம்.
இரண்டு குளிர்காலம்.
மூவாயிரத்துப் பன்னிரண்டு படம்.
நாய் எழும், சோம்பல் முறிக்கும், படியேறும்,
கடலைப் பார்த்துச் சத்தமில்லாமல் குரைக்கும்,
குரைத்த வாயிலிருந்தே உதிரத் தொடங்கி
வெறும் உப்பாகும்.
மறுபடி எழும்.

ஒரு நாளைக்கு எண்பத்தாறு முறை.
முதல் வாரம் அழகு. இரண்டாம் வாரம் எரிச்சல்.
மூன்றாம் வாரம், அதற்குத் தண்ணீர் வைக்க மறந்துவிட்டதாக
நள்ளிரவில் விழித்துக்கொண்டேன்.

ரோசமெல் மதியந்தோறும் வருவார்.
துறைமுகத்தில் வெல்டிங் வேலை.
கையில் பாதி ரொட்டி, பூட்ஸில் கருகிய இரும்பு வாசனை.
பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து மூன்று சுற்று பார்ப்பார்.
கலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.
ஒரு நாள் கேட்டார்:
"அந்தக் கட்டைவிரல் யாருடையது?"

எந்த விரல்?

"நாய் மூன்றாம் படியில் காலை வைக்கும்போது.
ஓர் இமைப்புத்தான். நகத்தில் அடிபட்டிருக்கிறது."

பொறியைப் பார்த்தே பழகிய கண்.
யனாராவை அழைத்தேன். ஈரத் தலையோடு ஓடிவந்தாள்.
படம் படமாக நிறுத்திப் பார்த்தோம்.
ஆயிரத்து எழுநூற்று ஆறில்
உப்பின் ஓரம் அவள் விரல்,
கறுத்த நகத்தோடு,
விலக மறந்து.
ஆயிரம் தடவைக்கு மேல் பார்த்தவள் நான்.
கண்ணில் படவே இல்லை.

"வெட்டிவிடுகிறேன்" என்றாள்.
ரோசமெல் வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கிவிட்டு
"அதற்காகத்தானே வருகிறேன்" என்றார்.
அவள் மடிக்கணினியை மூடவும் இல்லை, வெட்டவும் இல்லை.
பின்னோக்கிச் சுருங்கும் சட்டையைப் பார்த்தபடி
வெகுநேரம் நின்றாள்.

வெள்ளிக்கிழமை மாலை பூமி அசைந்தது.
பெரிதாக ஒன்றுமில்லை.
அந்த அளவு அசைவுக்கு இங்கே
கையிலிருக்கும் கோப்பையைக்கூடக் கீழே வைக்க மாட்டோம்.
இரவல் ப்ரொஜெக்டர் மட்டும் ஒரு சாண் திரும்பிவிட்டது.
நாய் சுவரை விட்டு இறங்கி
வாசற்கதவின் மேல் வந்து நின்றது,
கைப்பிடி அதன் விலாவில் குத்திக்கொண்டிருக்க.
ஏணி இருக்கும் அறைக்குச் சாவி இல்லை.
விட்டுவிட்டேன்.

மூடப் பத்து நிமிடம் இருக்கையில்
யாரோ வெளியிலிருந்து கதவைத் திறந்தார்கள்.
வெளிச்சம் முழுவதும் தெருவில் கொட்டியது.
படிக்குப் படி மடிந்து மடிந்து
உப்பு நாய் போயிற்று.
கீழ்ப்படியில் படுத்திருந்த பழுப்பு நாய்
தலையைத் தூக்கிப் பார்த்தது.
அதன் முதுகில் ஓர் இமைப்பு
கறுத்த நகம்.

கழிவறை எங்கே என்று கேட்டான் வந்தவன்.
திரைக்குப் பின்னால், இடப்பக்கம் என்றேன்.
கதவை மட்டும் சாத்தாதே.